எல்லாம் பாறையிலிருந்து வந்தது

எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிறவர்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் சொல்லப்போவது அதற்கு நேர் எதிரான இனம். எதைக் காட்டினாலும் “அது எப்பவுமே அப்படித்தான்” என்று சொல்லிவிட்டுக் காபி கேட்கிற இனம். இவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் நன்றாக முற்றிய ஒருவரைத் திருப்பதியில், தினமும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது. பெயர் வெங்கடரமணன். மண் பரிசோதனை நிபுணர். நான் திருத்தணியிலிருந்து தினமும் வந்து அவர் காரை ஓட்டி, சேற்றை அள்ளி, டப்பாவில் பெயர் எழுதுகிறவன்.

வீட்டுக் குழாயில் மஞ்சளாகத் தண்ணீர் வந்தால் மலைத் தண்ணீரின் நிறமே அதுதான் என்பார். ரசத்தில் உப்புத் தூக்கல் என்று சமைத்த மனைவி பத்மாசனியே ஒப்புக்கொண்டாலும், பருப்புக்கென்று இயல்பாகவே ஓர் உப்பு உண்டு என்று அந்த அம்மாளுக்கே பாடம் எடுப்பார். மகன் கணக்கில் நூற்றுக்குப் பதினெட்டு வாங்கி வந்தால், எங்கள் வம்சத்தின் இயற்கை அளவே பதினைந்துதான், மூன்று கூடுதல் என்று மகிழ்ந்துபோவார். கார் பிரேக் கிறீச்சிட்டால் இந்த மாடலுக்குக் குரலே அப்படி என்பார். அந்தக் காரில் முன்னால் உட்காருகிறவன் நான்.

அநியாயமாகப் பேசக்கூடாது. அவர் தொழிலுக்கு இந்தக் குணம் கொஞ்சம் தேவைதான். ஏரியோ சதுப்போ, எதன் அடியில் அள்ளினாலும் சேற்றில் குரோமியம், நிக்கல், துத்தநாகம் எல்லாம் கொஞ்சம் இருக்கவே செய்யும். மலைப் பாறை கரைந்து மழையோடு வந்து சேர்ந்தது, யாரும் போட்டதல்ல. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் மிச்சத்தைப் போட்டது யார் என்று கேட்க முடியும். அதற்குக் குழாய் இறக்கி, பட்டறைகள் வருவதற்கு முன்னால் படிந்த ஆழத்துச் சேற்றை எடுக்க வேண்டும். இல்லையென்றால் யார் கையும் படாத மண்ணைத் தேடிப் போக வேண்டும். வெங்கடரமணன் தேடுவார். கார் போகிற தூரம் வரைக்கும் தேடுவார். அங்கே நிழலும் இருக்க வேண்டும்.

ரேணிகுண்டாவுக்கு அப்பால் ஓர் ஏரி. அதன் பாசனத்தில் செல்லியம்மா என்கிற பெண்மணி கீரை போடுகிறார். இரண்டு வருஷமாக, செடி நாலு இலை விட்டதும் ஓரம் கருகிச் சுருண்டுவிடுகிறது. ஏரிக்கு மேற்கே இருக்கும், இரும்புக்குக் குரோமிய முலாம் பூசும் பட்டறையின் கழிவுக் கால்வாய் ஏரியில்தான் விழுகிறது. அதை அடைக்கச் சொல்லி அவரும் இன்னும் பதினொரு பேரும் மனு கொடுக்க, தாசில்தார் எங்களை அனுப்பினார். சேற்றில் இருப்பது இயற்கை என்று நாங்கள் சொன்னால் கால்வாய் இருக்கும், கீரை இருக்காது. அவ்வளவுதான் விஷயம்.

நான் சேற்றில் இறங்கி ஏரி நடுவில் மேலாக ஒரு டப்பா அள்ளினேன். லேபில் வேலை பார்க்கும் மோகனப்ரியா ஒரு மீட்டர் குழாயைத் தோளில் சுமந்து வந்து, ஆழத்திலும் எடுத்துவிடலாம் சார் என்றாள். மத்தியானம் ஆகிவிடும், வெயிலுக்குத் தலைவலி வருவது இயல்பு என்று மறுத்துவிட்டார். கரையோரம் புங்கமர நிழலில் ஒரு மேடு, புல் முளைத்து, பார்க்கச் சாதுவாக இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்தார், மோந்தார், விரலில் உருட்டினார், கண்ணை மூடினார். யாரும் தொடாத மண் என்று தீர்ப்புச் சொன்னார். நானும் டப்பாவில் அப்படியே எழுதினேன்.

முடிவு வந்தது. ஏரிச் சேற்றில் கிலோவுக்கு முந்நூற்றுப் பத்து மில்லிகிராம் குரோமியம். மேட்டு மண்ணில் முந்நூற்றிரண்டு. பெண்ணுக்கு வரன் அமைந்த தகப்பன் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. “பாத்தியா, எல்லாம் பாறையிலிருந்து வந்ததுதான்” என்றார்.

விசாரணை ஏரிக்கரையிலேயே நடந்தது. பதினாறு பக்க அறிக்கையை அவர் வாசித்து முடிக்கும்வரை செல்லியம்மா பொறுமையாக நின்றார். பிறகு, எந்த மண்ணை எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். இவர் பெருமையாக மேட்டைக் காட்டினார்.

“அது ஏரி மண்ணுதானே சார்? போன வருசம் கோடையில ஜேசிபி வெச்சி தூர் வாரி இங்கதான் கொட்டிக்கினு இருந்தாங்க. நானும் பாத்துக்கினுதான் இருந்தேன்.”

ஏரியை ஏரியோடு ஒப்பிட்டு, அடடா என்ன பொருத்தம் என்று பதினாறு பக்கம் எழுதியிருந்தோம். இதில் நான் யோக்கியனா? ஜேசிபியின் பல் பதிந்த தடம் அந்த மேட்டில் நன்றாகவே தெரிந்தது. மேடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. வெங்கடரமணனோ, தூர் வாருகிறவர்கள் கரையில் கொட்டுவது இயல்புதானே என்று தொடங்கினார். தாசில்தார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குழாய் இறக்கி மறுபடியும் எடுங்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இந்தத் தடவை குழாயை மோகனப்ரியா இறக்கினாள். முக்கால் மீட்டருக்குக் கீழே, பழைய சேற்றில், குரோமியம் வெறும் நாற்பத்தாறு. அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல் தடவை தப்பு வருவது எந்த நிபுணருக்கும் இயற்கை என்றார் அவர். ஆடி மாதம் கால்வாயை அடைத்தார்கள். கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி வழிந்தது.

தை பிறந்ததும் அந்தப் பக்கம் போயிருந்தேன். சிறுகீரை பாத்தி பாத்தியாகப் பச்சென்று நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செல்லியம்மா ஒரு கீரைக்கட்டை என் கையில் கொடுத்துவிட்டு, புடவையைச் சற்றே தூக்கித் தன் கணுக்காலைத் தானே அதிசயமாகப் பார்த்தார். தோல் வழவழவென்று இருந்தது.

“இந்தப் பட்டறை வந்து எட்டு வருசம் சார். எட்டு வருசமா அரிச்சிக்கினே இருந்திச்சி, சொறிஞ்சிக்கினே வேல செஞ்சேன். சேத்துல நிக்கிறவ காலுன்னா அப்படித்தான் இருக்கும்னு இருந்துட்டேன். மனுவுலகூட எழுதல பாருங்க.”

கீரைக்காக ஊரைக் கூட்டியவர். நிபுணரையே மடக்கியவர். அவருக்கே இந்தக் கதி.

வெங்கடரமணனைப் பார்த்துச் சிரித்தீர்கள், சரி. சிரித்துக்கொண்டே இப்போது எங்கேயோ சொறிந்துகொள்கிறீர்களே, அது எத்தனை வருஷமாக?