வாசலில் தொங்கிய கருநீலம்

மஞ்சுநாடு என்றொரு நாடு மூடுபனிக்குள் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. அங்கே யாரும் வருத்தத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஒரு துணியில் மனம்போன போக்கில் சாயம் பூசி வாசலில் தொங்கவிடுவார்கள். அதில் பூவும் இருக்காது, முகமும் இருக்காது, வெறும் நிறம்தான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, நெஞ்சு கனத்தால் உள்ளே வந்து கூடவே உட்கார்ந்து அழுவார்கள்.

அரசரின் வெற்றித்தூண் சரிந்து கோமளையின் கணவன் இறந்தபோது, அவள் துணி முழுக்கக் கருநீலம் பூசினாள். ஒரு ஓரத்தை மட்டும் வெறுமையாக விட்டாள். பாயில் அவன் படுக்கிற பக்கம் அது.

அரசரையே மறுபடி தேர்ந்தெடுக்கும் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. பொருள்விளக்க அமைச்சர் வாகையார் பரிவாரத்தோடு அவள் வாசலுக்கு வந்தார்.

"இது என்ன அம்மணி?"

"தெரியலீங்க. உள்ளுக்குள்ள இப்படித்தான் இருக்கு."

"பொருள் தெரியாத நிறம் நாட்டுக்கு ஆபத்து. இனி ஒவ்வொரு துணியின் கீழும் பொருள் எழுதப்பட வேண்டும். ஆனந்தம், நன்றி, பெருமிதம் ஆகியவற்றுள் எதையும் தேர்ந்தெடுக்கும் முழுச் சுதந்திரம் தங்களுக்கு உண்டு."

அவள் எதையும் தேர்ந்தெடுக்காததால், 'பெருமிதம்' என்று அவரே எழுதிவிட்டுப் போனார்.

அப்படியும் சிலர் நின்று கண்கலங்கினார்கள். ஆகவே எழுதியிருப்பதையே உணர வேண்டும், தவறாக உணர்வது குற்றம் என்று அடுத்த ஆணை வந்தது. பக்கத்து வீட்டு வேலம்மா வாசல்வரை வந்தாள். "தப்பா நெனச்சுக்காதடி, எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்று முணுமுணுத்து, துணியைப் பார்த்துக் கைதட்டிவிட்டுத் திரும்பினாள். கோமளை உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். தனியாக அழ அந்த நாட்டில் யாருக்கும் பழக்கமில்லை. அவளுக்கு அழுகை வரவே இல்லை.

பனிக்காலத்தில் அரசரின் ஒரே மகள் காய்ச்சலில் இறந்தாள். அரசரும் அந்த நாட்டில் பிறந்தவர்தானே! தம் கையாலேயே சாயம் குழைத்துப் பூசி, அரண்மனை மாடத்தில் துணியைத் தொங்கவிட்டார். எல்லாம் சாம்பல் நிறம், நடுவே சின்னதாக ஒரு சிவப்பு. அமைச்சர் சட்டப்படி அதன் கீழே 'ஆனந்தம்' என்று எழுதினார். கூட்டம் ஆரவாரித்தது. அரசர் ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

அந்தச் சிவப்பைப் பார்த்ததும் கூட்டத்தில் நின்ற கோமளை உடைந்துபோனாள். அந்தப் பெண்ணுக்கும் தன் கணவனுக்கும் சேர்த்து ஓவென்று அழுதாள். அரசர் அவளைக் கண்டார். அவர் உதடு துடித்தது. இதோ, தன்னோடு சேர்ந்து அழப்போகிறார் என்று அவள் நம்பினாள்.

காவலர்கள் அவள் தோளைப் பிடித்தார்கள்.

"கவலை வேண்டாம் மன்னா, தவறாக உணர்ந்தவளைப் பிடித்துவிட்டோம்!" என்றார் அமைச்சர்.

கூட்டம் அரசரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்.