பிரேக் சாமியும் நசுங்காத எலுமிச்சம்பழமும்

அந்தக் காலத்து மலாக்காவில் காரை ஓட வைக்க நூறு பேர் இருந்தார்கள். நிற்க வைக்க ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர்தான் காஜா பெராங்கில் பட்டறை வைத்திருந்த பிரேக் சாமி. அப்பா அம்மா வைத்த பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. அவருக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

சாமியிடம் ஒரு விசேஷம் உண்டு. ஆயிரம் காருக்குப் பிரேக் போட்டிருப்பார், ஆனால் ஒரு காரிலும் ஏறி உட்கார்ந்ததில்லை. தினமும் செமாபோக்கிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே பட்டறைக்கு வருவார். சைக்கிள்கூட வைத்திருந்தார், அதையும் சாமான் ஏற்றித் தள்ளிக்கொண்டுதான் போவார். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்.

"பிரேக்க நான் நம்புவேன். மிதிக்கிற காலு யாருதுன்னு எனக்குத் தெரியாதே."

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம் அது. துரைமார்கள் மூட்டை கட்டிக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போனதில் புத்திசாலிகள் மேசை நாற்காலி வாங்கினார்கள். ரப்பர் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த நான் கார் வாங்கினேன். ஜப்பான்காரன் காலத்துக்கு முந்திய கார், கம்பியை இழுத்து நிறுத்துகிற பழைய பிரேக். கிளேபாங்கில் மிதித்தால் காஜா பெராங்கில் நிற்கும்.

என் மனைவிக்கு அப்போது எட்டாவது மாதம், முதல் பிள்ளை. ஒரு வெள்ளிக்கிழமை அவளைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். கார் கோயில் வாசலில் மரியாதைக்குக் கொஞ்சம் மெதுவாகி, பிறகு தாண்டிப் போய் ஒரு கடையின் தேங்காய்க் குவியலில் நின்றது. அவள் இறங்கி வீட்டுக்கு நடந்தாள். பிரசவத்துக்கு ரிக்‌ஷாவில் போய்க்கொள்கிறேன், இனி அந்தக் காரில் கால் வைக்க மாட்டேன் என்று அன்று மாலை தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். சொந்தக் கார் வைத்திருக்கிற கிராணியின் மனைவி வலியோடு மூன்று சக்கர வண்டியில் குலுங்கிப் போவதா? மானம் போவது இருக்கட்டும், எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. மறுநாளே காரைச் சாமியிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

அவர் கம்பிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, நொறுங்கிப்போன ஒரு வேனிலிருந்து எண்ணெய் பிரேக்கை நான்கு சக்கரத்துக்கும் மாற்றினார். குழாயில் இருக்கிற காற்றை வெளியேற்ற ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டுமாம். ஆபீஸ் உடுப்போடு என்னையே உட்கார வைத்தார். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். சப்பாத்துப் போட்ட கால் என்ன சொல்கிறது என்று அவருக்குக் கேட்காதாம். "மிதிங்க... பிடிங்க... விடுங்க" என்று இரண்டு மணி நேரம் போனது. நடுவில் நான் ஒருமுறை கொட்டாவி விட்டதைக்கூட அடியில் இருந்தபடியே கண்டுபிடித்துத் திட்டினார்.

பிறகு சக்கரம் மாட்டும் வைபவம். ஒரு நட்டை முடுக்கியதும் பக்கத்து நட்டுக்குப் போகமாட்டார், எதிர்ப்பக்கத்துக்குத்தான் போவார். நட்டுக்கு ஒரு சாமி. பிள்ளையார், முருகன், அம்மன், முனீஸ்வரன் என்று நாலு ஆயிற்று. ஐந்தாவது நட்டைப் பக்கத்துத் தெருச் சீனக் கோயில் சாமிக்கு ஒதுக்கியிருந்தார். அக்கம்பக்கத்தைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் கொள்கை.

எல்லாம் சரி, சக்கரத்தின் நடு மூடிதான் உட்காரவில்லை. புது பிரேக்கின் குடம் பழையதைவிட அரை விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூடி கிடக்கட்டும், காரைக் கொடுங்கள் என்றேன். வேட்டி இல்லாமல் மாப்பிள்ளையை மணமேடைக்கு அனுப்பச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். மரச்சுத்தியால் தட்டி ஒரு மூடியை எப்படியோ பொருத்தி, ஒரு சுற்றுப் போய் வரச் சொன்னார். முதல் வளைவிலேயே அது கழன்று, கம்போங் சிட்டி என்ற குடியிருப்புக்குள் உருண்டோடி மறைந்தது.

மறுநாள் காலை அந்தக் கம்போங்கிலிருந்து ஒரு பீபிக், சிட்டி வீட்டு அம்மாள், மூடியோடு வந்தார். தமிழ் மறந்துபோன பழைய தமிழ் வம்சம்; நெற்றியில் விபூதி, வாயில் மலாய். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லையாம், அதனால் மூடி நிறையக் குவே பலகாரம் வைத்திருந்தார். சாமி அத்தனையையும் தின்றார். அடுத்த இரண்டு நாளில் இன்னும் இரண்டு மூடிகள் அதே வளைவில், அதே திசையில் கழன்று ஓடி, அதேபோல் குவேயோடு திரும்பி வந்தன. தற்செயல் என்றுதான் இன்றுவரை அவர் சார்பில் சொல்லி வருகிறேன்.

எனக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் தாங்காது என்று ஒருநாள் கத்திவிட்டேன். மறுநாள் போனால், சாமி நான்கு மூடிகளின் நடுவையும் வெட்டி எடுத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பற்றவைத்திருந்தார். நீட்டிய குடம் கிண்ணத்துக்குள் கச்சிதமாக அடங்கியது. அன்றிலிருந்து வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பை எல்லாம் செய்தித்தாளில் மடித்து எடுத்து வந்தார். அவருடைய வெற்றிலைப் பெட்டியின் நான்கு கிண்ணங்கள் எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

காரைப் பார்க்க என் மனைவி நான்கு எலுமிச்சம்பழத்தோடு நடந்தே வந்தாள். திருஷ்டி கழியச் சக்கரத்தில் நசுக்க வேண்டும் என்றாள். சாமி ஒரே ஒரு பழத்தை வாங்கிப் பட்டறை வாசலில் வைத்தார். அவர் பட்டறையில் முறையே வேறு. சக்கரம் பழத்தைத் தொட்டு நிற்க வேண்டும், பழம் நசுங்கினால் பிரேக் தோற்றது என்று அர்த்தம்.

"அப்படின்னா அண்ணே, நீங்க முதல்ல ஏறி உக்காருங்க. அப்புறம் நான் ஏறுறேன்" என்றாள் என் மனைவி.

சாமி காரைச் சுற்றி வந்தார். இருபது நட்டையும் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து குனிந்து, என் காலைப் பார்த்தார்.

"சப்பாத்த கழட்டுங்க கிராணி."

கழற்றினேன். அவர் சுற்றிப்போய் முன் சீட்டில் ஏறி, குடையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கிளேபாங் ரோடு வரை போய்த் திரும்பினேன். பட்டறை வாசலில் பழம் தெரிந்ததும் மிதித்தேன். கார் நின்றது.

என் மனைவி மெல்லக் குனிந்து பழத்தை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"எப்படிண்ணே தைரியமா ஏறினீங்க?" என்று கேட்டாள்.

"இந்தக் காலு எனக்குத் தெரியும் தங்கச்சி. ரெண்டு மணி நேரம் கேட்டிருக்கேன்."

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அவர் முன் சீட்டில் இருந்தார். மகள் பிறந்த செய்தியைக் கேட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு செமாபோக்குக்கு நடந்து போனார். எனக்குத் தெரிந்து அதற்குப் பிறகு அவர் எந்தக் காரிலும் ஏறவில்லை.

அதன் பிறகு நானும் ஐந்தாறு கார் மாற்றிவிட்டேன். இப்போதும் வண்டியை எடுக்குமுன் வலது காலில் இருப்பதைக் கழற்றி வைத்துவிடுகிறேன், அவருக்குக் கேட்கட்டும் என்று.