பிளம்பர் கூப்பிடுகிறார்

சாப்பாட்டு மேசையில் செல்போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, தண்ணீர் ஜக்கில் போய் முட்டிக்கொண்டு நின்றது. திரையில் 'பிளம்பர்' என்று ஒளிர்ந்தது.

"என்னங்க, இந்த பிளம்பர் எதுக்குத் தினம் கூப்பிடறாரு?" என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊரார் பார்வையையெல்லாம் சரிசெய்கிற மனுஷர், தன் கிரெடிட் கார்டு பில்லை மட்டும் கண்ணை மூடிக்கொண்டுதான் பிரிப்பார். அந்த 'பிளம்பர்', கார்டு கம்பெனியில் பாக்கி வசூலிக்கிற பெண்.

"சமையலறைக் குழாய் ஒழுகுதும்மா. அதான் சொல்லி வச்சேன்."

"ஒழுகலையே?"

"ஒழுகும்" என்றார்.

குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சொந்தமாக வாங்கச் சின்ன ஃபிளாட் ஒன்று அமைந்திருந்தது. அதன் ஜன்னலுக்கு மனைவி திரைத்துணி அளவுகூட எடுத்து வைத்துவிட்டாள். வீட்டுக்கடன் அதிகாரிதான் கண்ணாடிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "கடன் கிடைக்கணும்னா முதல்ல கார்டு பாக்கியைப் பாதியாக் குறைங்க சார். அதுவரைக்கும் கார்டைத் தொடாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது? சுவரை அடைத்த டி.வி., துணி காயப்போட மட்டும் பயன்படும் உடற்பயிற்சி சைக்கிள், எல்லாமே "ரொக்கம் குடுத்து வாங்கினேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவை.

இரண்டாவது கார்டில் பணம் எடுத்து முதல் கார்டில் கட்டிப் பார்த்தார். முதலாவது இளைத்தது, இரண்டாவது ஊதியது. இரண்டாவதை அடைக்க மூன்றாவது கார்டு கேட்டார். கிடைக்கவில்லை. "கேட்டதுக்கே உங்க கிரெடிட் ஸ்கோர் குறைஞ்சுபோச்சு சார்" என்றார் அதிகாரி. கேட்டதற்கே தண்டனையா என்று கண்ணாடிக்காரர் அங்கலாய்த்தார்.

"வீட்டுக்கடனை உன் பேர்லயே போட்டுடலாமா? பொம்பளைங்க பேர்ல வட்டி கம்மியாம்" என்று மனைவியிடம் நூல் விட்டுப் பார்த்தார்.

"எதுக்குங்க? நீங்கதானே குடும்பத் தலைவர். உங்க பேர்லயே இருக்கட்டும்."

இப்படிப்பட்ட தங்கமான பெண்ணையா ஏமாற்றுகிறோம் என்று அவருக்குக் குற்ற உணர்ச்சி குத்தியது. அந்தக் குத்தலோடேயே, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குழாயை ஒழுகவைக்கப் போனார்.

கடுகளவு திருகாணியை முறுக்கிப் பழகிய கை அது. ஸ்பேனரின் பலம் அதற்குத் தெரியவில்லை. குழாயின் தலை கழன்று கையோடு வர, தண்ணீர் கூரைவரை பீறிட்டது. மெயின் வால்வைத் தேடி மூடுவதற்குள் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

"சார், என் மெத்தை மேல மழை பெய்யுது. புது மெத்தை!"

அந்த மெத்தைக்கும் நஷ்டஈடு கொடுத்தது கார்டுதான்.

"உடனே அந்த பிளம்பரைக் கூப்பிடுங்க!" என்றாள் ஈரத்தலையோடு ஓடிவந்த மனைவி.

"அவரு வெளியூர்ல இருக்காரு."

"அப்போ தினம் எதுக்குக் கூப்பிடறாரு?"

"வெளியூர்ல இருக்கேன்னு சொல்லத்தான்."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அன்று ராத்திரி அவருக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

காலையில் இரும்புக்கடை வாசலில் ஒரு நிஜ பிளம்பரைப் பிடித்து, மாடிப்படியிலேயே நிறுத்திப் பாடம் நடத்தினார். "நமக்கு ரொம்ப நாள் பழக்கம். நீங்க எனக்குத் தினம் போன் பண்ணுவீங்க. சரியா?"

"எதுக்கு சார் பண்ணணும்?"

"ஒரு அக்கறைதான்."

"அக்கறைக்குத் தனியா ஆகும் சார். காசா, கார்டா?"

கண்ணாடிக்காரர் பர்ஸைத் தடவிப் பார்த்தார். "கார்டு."

பிளம்பர் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, இரண்டு கையையும் குழாய்களுக்கு நடுவே விட்டு வேலையை ஆரம்பித்தார். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன.

"தினம் போன் பண்ணி விசாரிக்கறீங்களே, இந்தக் காலத்துல யாருங்க இப்படி இருக்காங்க?" என்றாள் மனைவி அந்தக் கால்களிடம்.

"எல்லாம் ஒரு அக்கறைதாம்மா" என்றது அடியிலிருந்து குரல்.

அலமாரித் தட்டில் செல்போன் அதிர்ந்தது. 'பிளம்பர்'.

மனைவி போனைப் பார்த்தாள். கால்களைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"சத்தியமா நான் இல்லைங்க" என்றன கால்கள்.

பாய்ந்து பிடுங்கப் போன கண்ணாடிக்காரர் ஈரத்தில் வழுக்கித் தொப்பென்று உட்கார்ந்தார். ஃபிளாட் போச்சு, மானம் போச்சு, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"இரும்மா, அதை எடுக்காதே. நானே எல்லாத்தையும் சொல்லிடறேன்…"

அதற்குள் அவள் ஈர விரலால் ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள். "ஹலோ, யாருங்க பேசறது?"

மறுமுனையில் உற்சாகமாக ஒரு பெண் குரல்:

"அக்கா, நீங்களா? உங்க கார்டு பாக்கிக்குத்தான் வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்கேனே! அதுக்குள்ள இந்த சார் போன்ல என்ன பண்றீங்க?"