நாகபூஷணம் வாங்க மறுத்த நோட்டீஸ்

சித்தூர்
16-5-1999

மாப்பிள்ளை அச்சுத் அவர்களுக்கு யதிராஜன் அநேக ஆசீர்வாதம். சௌபாக்கியவதி மாதவிக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல்லவும். இங்கு என் இடது முழங்காலைத் தவிர சகலரும் க்ஷேமம்.

என் கணக்கு வேலைக்கென்று தீபாவளி சமயத்தில் நீங்கள் தபாலில் அனுப்பிய மாதிரி ஒப்பந்தத்தைப் பற்றி நியாயமாக அப்போதே எழுதியிருக்க வேண்டும். ரிடையரானதிலிருந்து மூன்று பேருக்குக் கணக்கு எழுதுகிறேன் அல்லவா, ஒப்பந்தமெல்லாம் வாய்ப்பேச்சுதான். அதிலும் பங்காருபாளையம் மாங்காய் மண்டி நாகபூஷணத்துக்குக் கணக்கு என்றால் கணக்கு மட்டுமில்லை. அவர் மச்சினிக்கு ஜாதகம் பார்ப்பது, கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்துவது, பம்பாய் வியாபாரிகளைத் திருமலைக்கு அழைத்துப் போய் தரிசனம் செய்து வைப்பது எல்லாம் கணக்கில் சேர்த்தி. ‘இதில் எழுதாத வேலை என் வேலையல்ல’ என்று நீங்கள் போட்டிருந்த ஷரத்தைத் தெலுங்கில் பெயர்த்து அவர் முன்னால் வைத்தபோது எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

மனுஷர் முழுக்கப் படித்தார். “பர்வாலேது சாமி, நல்லாத்தான் கீது. ஆனா நீங்க பாட்டுக்குப் போய்க்கினே இருந்தா நான் இன்னா பண்றது?” என்றார். விலகுவதானால் முப்பது நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் தரவேண்டும், அதைப் பெற்றுக்கொண்டதாக அவர் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்துதான் முப்பது நாள், வேலையை ஒப்படைக்க வேறொரு ஆளும் வேண்டும் என்று ஒரே ஒரு ஷரத்து சேர்த்தார். நியாயம்தானே என்று கையெழுத்துப் போட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

மாதவிக்கு ஜூலையில் பிரசவம், அங்கே வர எங்களுக்கு ஜூன் இருபதாம் தேதி விமானம். மற்ற இருவரும் சந்தோஷமாகப் போய்வரச் சொல்லிவிட்டார்கள். ஏப்ரலில் நாகபூஷணத்திடம் நோட்டீஸை நீட்டினேன். “இன்னா சாமி, செவ்வாக்கெழமையும் அதுவுமா காயிதம் குடுக்குறீங்க?” என்றார். புதன்கிழமை போனால் ராகுகாலம், அடுத்த வாரம் அஷ்டமி, அதற்கடுத்த வாரம் கையெல்லாம் மாங்காய்ப் பால், பேனா பிடித்தால் ஒட்டிக்கொள்ளுமாம்! சரி, வீட்டுக்கே போவோம் என்று போனால் அவர் சம்சாரம் ரத்னம்மா, “அவுரு ரேணிகுண்டா போய்க்கீறாரு சாமி” என்று காபி கொடுக்கிறாள், வாசலில் அவருடைய மோட்டார்சைக்கிள் நிற்கிறது, உள்ளே யாரோ அவர் மாதிரியே இருமுகிறார்கள். நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்கோ, அந்தக் காபியைக் குடிச்சுட்டு பஸ் ஏறி வந்துட்டேன். பேரனோ பேத்தியோ, அதன் முகத்தைப் பார்க்காமல் இந்த மண்டியிலேயே என் காலம் முடிந்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

கடைசியில் உங்கள் மாமியார்தான் ரட்சித்தாள். வெள்ளிக்கிழமை ரத்னம்மாவிடம் மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ளப் போன பத்மாசனி, திரும்பும்போது நோட்டீஸில் நாகபூஷணத்தின் கையெழுத்தோடு வந்தாள்! வேலையை ஒப்புக்கொள்ள ஆளும் அகப்பட்டாயிற்றாம். யார் என்று நான் கேட்கவில்லை, யாராயிருந்தால் எனக்கென்ன? நார்த்தங்காய் ஜாடிக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தவனிடம், “ஏன்னா, புது ஆளோட ஒப்பந்தத்துக்கு ஒரு சாட்சி வேணுமாம்” என்று ஒரு காகிதத்தை நீட்டினாள். சந்தோஷத்தில் போட்டுக் கொடுத்தேன்.

ஆகவே நாங்கள் இருவரும் குறித்த நாளில் வந்து சேருகிறோம். விமான நிலையத்தில் என் முழங்காலுக்கு ஒரு சக்கர நாற்காலி சொல்லி வைக்கவும். மாதவி மாடிப்படி ஏறாமல் இருக்கட்டும். பெருமாள் கிருபையில் தாயும் சேயும் நன்றாக இருப்பார்கள்.

இப்படிக்கு,
யதிராஜன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் அந்தக் காகிதத்தைப் படித்தேன். புது ஆள் பத்மாசனி. நான்காவது ஷரத்துப்படி, அவள் வெளிநாடு போனால் அவளுக்குப் பதிலாகப் புருஷன் வேலை பார்க்க வேண்டும். ஐந்தாவது ஷரத்தில் ஜாதகம், பத்திரிகை, திருமலை மூன்றும் கணக்கு வேலையே என்று எழுதியிருக்கிறது. கேட்டதற்கு, “நீங்களும் வந்தா நான் குழந்தையைப் பாத்துப்பேனா, உங்களைப் பாத்துப்பேனா?” என்கிறாள். சக்கர நாற்காலி வேண்டாம். என் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, குழந்தையின் போட்டோவை மண்டி விலாசத்துக்கு அனுப்பவும். சாட்சிக் கையெழுத்து விஷயம் மட்டும் மாதவிக்குத் தெரிய வேண்டாம். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று அவளை இருபது வருஷம் பிடுங்கியெடுத்தவன் நான்.