மேனேஜர் தும்ம வேண்டும்

"சிரிச்சாரு அக்கா. என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. எனக்குப் பயமா இருக்கு."

திங்கட்கிழமை காலை, மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்த பில் போடும் பெண்ணுக்குப் படபடப்பு அடங்கவில்லை. அலுவலகத்தில் அவளுக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. கணவன் வேறு ஊர்க் கிளையில். விடுமுறை நாளில் ரயிலேறிப் போய், சண்டை போடக்கூட நேரமில்லாமல் திரும்பி வருகிற குடித்தனம் அது. மாற்றல் மனுவை நீட்டும்போதெல்லாம் மேனேஜர் எரிந்து விழுவார். இன்று சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டார்.

கேஷியர் அக்கா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "சட்டைப் பையில மாத்திரை அட்டை தெரிஞ்சுதே, கவனிச்சியா? தும்மல் மாத்திரை. என் கொழுந்தனும் அதைத்தான் போடுவான். போட்டா பரம சாது. சொத்தையே கேட்டாலும் தலையாட்டுவான்."

"தும்மல் நின்னுட்டா?"

"மாத்திரையும் நின்னுடும். மறுபடியும் கடிச்சுக் குதறுவாரு. அதனால தும்மல் நிக்கக் கூடாது."

மறுநாள் இருவரும் பழைய ரசீதுக் கட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி, மேனேஜர் அறை வாசலில் அடுக்கினார்கள். அக்கா மேசை விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தாள். உள்ளே தும்மல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மேனேஜரே வெளியே வந்தார்.

"உன் மனு விஷயமா ஒண்ணு சொல்லணும்மா..."

அடுத்த தும்மல் அவரைத் திரும்ப அறைக்குள் தள்ளிவிட்டது.

"பார்த்தியா, கனிஞ்சுட்டாரு," என்றாள் அக்கா. "இன்னும் கொஞ்சம் தூசி போட்டா கையெழுத்தே விழுந்துடும்."

வாசல் மிதியடிகளை உதறினார்கள். தூசிக்கு மேனேஜர் மூக்கு எது, மற்றவர் மூக்கு எது என்று தெரியுமா? மதியத்துக்குள் அலுவலகமே தும்மியது. அக்கா ஓடிப்போய் அதே மாத்திரையை வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்து, தானும் ஒன்று போட்டுக்கொண்டாள். அது ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும் என்று மருந்துக் கடைக்காரர் சொன்னதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அக்காவுக்கு அழுகை வந்தது. பணம் கட்ட வந்தவரிடம், "இனிமே எப்போ வருவீங்க?" என்று கேட்டு விசும்பினாள். அவர் பயந்துபோய் ரசீதைக்கூட வாங்காமல் நடையைக் கட்டினார்.

வாயில்லாப்பூச்சிக்கோ காதெல்லாம் சூடேறியது. விசிறிச் சத்தம் பிடிக்கவில்லை. நாற்காலி பிடிக்கவில்லை. அக்காவின் அழுகை சுத்தமாகப் பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்தா மேனேஜர் கைக்குட்டையும் கையுமாக வந்து நிற்க வேண்டும்?

"அம்மா, உன் மனு... அச்!"

"என்ன சார் என் மனு? மூணு வருஷமா இதே பாட்டுதான்! என் புருஷனுக்குக் காபியில சக்கரை தூக்கலா இருக்கணுமா, கம்மியா இருக்கணுமான்னு எனக்கே தெரியாது சார்! தெரிஞ்சுக்கறதுக்குள்ள ரயிலுக்கு நேரமாயிடுது! உங்களுக்கென்ன? தனியா கிடக்கிறவங்க கஷ்டம் உங்களுக்கு எங்க தெரியப் போகுது?"

அதற்கப்புறம் யாரும் தும்மக்கூட இல்லை. மேனேஜர் மட்டும் பதில் சொல்ல வாயைத் திறந்து, தும்மி, கண்ணில் நீர் கொட்ட வெளியே ஓடினார்.

கோபம் வடிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மாற்றலும் போச்சு, வேலையும் போச்சு. மன்னிப்பாவது கேட்டுவிடலாம் என்று கைப்பையோடு வாசலுக்கு வந்தாள். அங்கே மேனேஜர் முகம் கழுவிவிட்டு நின்றிருந்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்திருந்த ஒரு அம்மாள் அவருக்குத் துண்டு நீட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ஏதோ தெரியாம பேசிட்டேன்..."

"கையெழுத்து," என்று மேனேஜர் மூச்சு வாங்கினார். வெளிக்காற்றில் தும்மல் நின்றிருந்தது. "நேத்தே போட்டு அனுப்பிட்டேம்மா. அதைச் சொல்லத்தான் ரெண்டு தடவை வந்தேன். சொல்ல விட்டாத்தானே! அடுத்த மாசம் நீ உன் புருஷன்கிட்டயே போயிடலாம்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அக்கா சொன்னது சரிதான்," என்று தன்னை மறந்து உளறினாள். "அந்த மாத்திரை போட்டதும் சார் மனசு அப்படியே இளகிடுச்சே!"

"இவரா? இவரு எங்க மாத்திரை போட்டாரு, அது எனக்கு வாங்கினது," என்று அந்த அம்மாள் சிரித்தார். "எட்டு வருஷமா இவரு இங்க, நான் வேற ஊர்லன்னு கிடந்தோம், எனக்கு மாற்றல் கிடைச்சு, இந்த ஞாயித்துக்கிழமைதான் இவரோட வந்து சேர்ந்தேன்."