பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை

"எங்கப்பாவை விலைக்குக் கேக்கறாங்க சார்" என்றாள் அந்தப் பெண்.

படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் விடியற்காலையிலிருந்து "வரிசையில வாங்க, வரிசையில வாங்க" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்த டிக்கெட்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எத்தனை டிக்கெட்?"

"டிக்கெட் வேணாம் சார். நேத்து போர்டுல கார்டு குத்தினீங்களே, அதைப் பத்திப் பேச வந்தேன். காலையிலேர்ந்து ஏழு பேர் போன் பண்ணிட்டாங்க. முதல் ஆளு, 'எத்தனை வருஷம் ஆச்சு?'ன்னார். எழுபத்தெட்டுன்னேன். 'அவ்வளவு பழசா, பூச்சி அரிச்சிருக்குமே'ங்கறார்!"

டிக்கெட்காரர் இப்போது நிமிர்ந்தார்.

"'கால் எப்படி?'ன்னார். இடது கால் ஆடும், சுவத்தோரமா விட்டா நிப்பார்ன்னேன். 'மடக்க வருமா?'ன்னார். கஷ்டப்பட்டு மடக்குவார்ன்னேன். 'சரி, சாயங்காலம் வண்டி எடுத்துட்டு வர்றேன். மேலே ரெண்டு கீறல் இருந்தாலும் பரவால்ல, இழைச்சு பாலிஷ் போட்டுக்கறேன்'ங்கறார். எங்கப்பாவை சார்!"

தப்பு எங்கே நடந்தது என்று டிக்கெட்காரருக்குப் புரிந்துவிட்டது.

டிக்கெட் ஆபீசின் வெளிச்சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. 'நிகழ்ச்சிகள்', 'விற்பனைக்கு', 'வேலை' என்று மூன்று பத்தி. அந்தக் கடலோரச் சிற்றூருக்குப் பத்திரிகை, ரேடியோ எல்லாம் அதுதான். தையல் மிஷின் கைமாறுவதும், வலை பின்ன ஆள் கிடைப்பதும், பாட்டுக்குழுவின் ஒத்திகை எங்கே என்று தெரிந்துகொண்டு ஜனங்கள் வேறு தெரு வழியாகப் போவதும் அந்தப் பலகையால்தான். பதினொரு வருஷத்துக்கு முன்னால், ஓய்வு பெற்றுப் போன பழைய டிக்கெட்காரர் சாவிக்கொத்தைக் கையில் வைத்து, "அப்படியே இதையும் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உலகத்தில் பாதி வேலை இந்த 'இதையும்' என்ற சொல்லுக்குள்தான் ஒளிந்துகொண்டிருக்கிறது. பூட்டை உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டது. ஒரு வளைந்த கம்பிதான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நேற்று மத்தியானம் வேலை முடிந்து கிளம்பும்போது கதவைத் திறந்திருக்கிறார். ஒரு காற்று. இரண்டு கார்டுகள் பறந்து தண்ணீரில் விழுந்தன. நல்லவேளையாக, எழுத்து அழிவதற்குள் துடுப்பால் இழுத்தெடுத்து இரண்டையும் தன் கையாலேயே புதிதாக எழுதிக் குத்தினார். ஒன்று, டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை விற்பனைக்கு. இன்னொன்று, பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. அந்தப் பெரியவர், துறையில் இருக்கும் அத்தனை படகுக்கும் பெயர் எழுதிய பெயின்டர். கால் முடியாமல் வீட்டோடு இருப்பவர். அவருடைய மகள்தான் இப்போது எதிரே நிற்கிறாள்.

வெளியே ஓடிப்போய்ப் பார்த்தார். சந்தேகமே இல்லை, அவருடைய கையெழுத்துதான். கொக்கி போட்ட அதே 'க'. மேஜைக்குக் கீழே பெரியவர் வீட்டு நம்பர், பெரியவருக்குக் கீழே டீச்சர் வீட்டு நம்பர்.

"சரியாத்தானே எழுதினேன்..." என்று முனகினார்.

"திங்கக்கிழமை நான் ஆஸ்பத்திரி லேப்ல வேலைக்குச் சேரணும் சார். மத்தியான ஷிப்ட். ரெண்டு வருஷம் அலைஞ்சு கிடைச்ச வேலை. அதுக்குள்ள ஆள் கிடைக்கலேன்னா விட்டுட வேண்டியதுதான்."

அவள் போன கையோடு டீச்சர் வந்தார். ஓய்வு பெற்றும் பிரம்பு மட்டும்தான் கையில் இல்லை.

"ஒரு அம்மா போன் பண்ணி வயசு என்னன்னு கேட்டாங்க. நாப்பதுன்னேன். 'ஐயோ, நாப்பதுலயேவா! குளிப்பாட்டணுமா?'ன்னாங்க. தண்ணி படவே கூடாது, ஊறிடும், துணியால துடைச்சாப் போதும்னேன். 'சாப்பாடு?'ன்னாங்க. தாராளமா எட்டு பேர்ன்னேன். போனை வெச்சுட்டாங்க. என்ன எழுதி வெச்சிருக்கீங்க நீங்க?"

டிக்கெட்காரர் இரண்டு கார்டையும் கிழித்தார். புதிதாக எழுதினார். நம்பரை ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்து ஒத்துப் பார்த்தார். குத்தினார், கம்பியை வளைத்தார், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் ஐஸ் பாக்டரி மேனேஜர் வந்தார். கோபத்தில் மனிதர் பனிக்கட்டிபோல வெளுத்திருந்தார்.

"காலையிலேர்ந்து பதினோரு பொம்பளைங்க, எங்க நம்பர்னு தெரிஞ்சு கேட்டுலயே வந்து நிக்கறாங்க. 'பெரியவர் எங்கே, பெரியவர் எங்கே'ன்னு. எங்ககிட்ட வயசானதுன்னு இருக்கறது கம்ப்ரெசர் ஒண்ணுதான். அதைப் பார்த்துக்க ஏற்கெனவே ஆள் இருக்கு!"

டிக்கெட்காரர் வெளியே ஓடினார். மேஜை கார்டு சரியாக இருந்தது. பெரியவர் கார்டில், அவருடைய கையெழுத்தில், கொக்கி போட்ட 'க'வோடு, ஐஸ் பாக்டரி நம்பர்.

ஐஸ் பாக்டரி நம்பர் அவருக்கு மனப்பாடமாகத் தெரியாது. தெரியாத நம்பரை எழுதியிருக்கிறோம் என்றால், எழுதியது யார்? தன் பெரியப்பா கடைசிக் காலத்தில் சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "இந்த வீட்டுக்காரங்க நல்லவங்களா?" என்று விசாரித்தது நினைவுக்கு வந்தது. தனக்கு ஐம்பத்தேழுதானே ஆகிறது?

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"நம்ம கல்யாணம் என்னிக்கு?"

தேதி, கிழமை, நேரம், அன்று பெய்த மழை எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"அதெல்லாம் மறக்கலை பாருங்க. மறந்திருந்தா நிம்மதியாவது மிஞ்சியிருக்கும்." அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியைக் கீழே வைத்தாள். "தூக்கம் பத்தாம இருக்கும். நாளைக்கு எழுதறதை இங்கேயே எழுதுங்க. நான் படிச்சுப் பார்க்கறேன்."

இந்தத் தடவை நம்பர் என்ற பேச்சே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். நம்பர் இருந்தால்தானே தப்பும்? விலாசம் போதும். மனைவி சொல்லச் சொல்ல எழுதினார்: 'பெரியவரைப் பார்த்துக்கொள்ள விரும்புவோர் ஞாயிறு மாலைக்குள் நேரில் வரவும்.' கீழே தெரு, வீட்டு எண், பச்சைக் கதவு. மனைவி இரண்டு தடவை படித்தாள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு தடவை படிக்கச் சொன்னார்கள். அவர், "பெரியவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, எழுத்துப்பிழை இல்லை என்று சான்றிதழும் கொடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் குத்தினார். மறுநாள் அவருக்கு விடுமுறை. மனசு கேட்கவில்லை. பகல் மூன்று மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, யாராவது வந்தார்களா என்று பார்க்கப் பச்சைக் கதவை நோக்கி நடந்தார்.

தெருமுனையிலிருந்தே வரிசை தெரிந்தது. ஐம்பது பேராவது இருக்கும். டிக்கெட்காரருக்கு ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. வேலைக்கு இத்தனை பேரா! கிட்டே போனபோதுதான், பாதிப் பேர் கையில் ஆரஞ்சுப் பழமும், படகுச் சங்கத்துச் செயலாளர் கையில் மலர்வளையமும் இருப்பதைப் பார்த்தார். பாட்டுக்குழு சுவரோரமாக நின்று மெல்லிய குரலில் சோகமாக எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

"எல்லாரும் எங்கே இந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

மலர்வளையத்துக்காரர் அவர் தோளில் கை வைத்தார். "நீங்கதானே கார்டு போட்டீங்க. பெரியவரைப் பார்க்க விரும்புவோர் ஞாயிறு மாலைக்குள் வரவும்னு. சாயங்காலத்தைத் தாண்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாராமே? நல்ல மனுஷன். என் படகுக்கு மூணு தடவை பேர் எழுதியிருக்கார். அதான் உசிரு இருக்கும்போதே ஒரு தடவை முகம் பார்த்துடலாம்னு."

'பார்த்துக்கொள்ள' என்பது 'பார்க்க' என்று ஆனதில் ஒரு மனிதரைச் சாகடித்தாயிற்று.

வரிசையைப் பிளந்துகொண்டு உள்ளே போனார். சாகக் கிடப்பதாகச் சொல்லப்பட்ட பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் சாய்ந்து, வருகிறவர்கள் கையை ஒவ்வொன்றாகப் பிடித்துக் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆரஞ்சு மலைபோல் குவிந்திருந்தது. ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வலிக்குதா?" என்று கேட்க, "இப்ப இல்லம்மா, உன்னைப் பார்த்ததும் போயிடுச்சு" என்றார்.

மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். திட்டினால்கூடத் தேவலை. அவள் திட்டவில்லை. "வந்தவங்கள்ல மூணு பேர் நெசமாவே வேலைக்குத்தான் வந்தாங்க சார். கூட்டத்தைப் பார்த்துட்டு, காலம் தாழ்ந்துடுச்சுன்னு திரும்பிப் போயிட்டாங்க. நாளைக்கு திங்கள்" என்றாள். பிறகு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுகிற சத்தம் கேட்கக் கூடாதாம். கேட்டது.

வாழ்நாளில் டிக்கெட்காரர் எதற்கும் முந்திக்கொண்டு கை தூக்கியவர் அல்ல. அன்றைக்குத் தூக்கிவிட்டார்.

"எனக்கு ஒரு மணிக்கு வேலை முடியுதும்மா. ரெண்டு மணிக்கு வந்து, நீ வர்ற வரைக்கும் நான் கூட இருக்கேன். தப்பு என்னுது. வேற ஆள் கிடைக்கட்டும், அது வரைக்கும்."

"சார், நீங்க எப்படி..."

"அது வரைக்கும்தானே" என்றார். 'இதையும்' என்ற சொல்லுக்கு அண்ணன் இந்த 'அது வரைக்கும்' என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி, "நம்ம வீட்டு மாடிப்படி விளக்கு மூணு மாசமா எரியலை. அதைப் பார்த்துக்கவும் ஒரு கார்டு போடட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கள் முதல் மத்தியானங்கள் அப்படிப் போயின. விடியற்காலை முதல் கவுண்டர், அப்புறம் இரண்டு வாய் சோறு, அப்புறம் பச்சைக் கதவு. பெரியவருக்குத் தொந்தரவு ஒன்றும் கிடையாது. மாத்திரை எடுத்துத் தர வேண்டும், கூடச் சீட்டு விளையாட வேண்டும், தோற்க வேண்டும். கடைசியதில் டிக்கெட்காரருக்குச் சிரமமே இருக்கவில்லை. கண்ணைச் சொக்கிக்கொண்டு வரும். சீட்டு கையிலேயே இருக்க, தலை தொங்கிவிடும். பெரியவர் எழுப்பமாட்டார். விழித்துப் பார்த்தால் ஜன்னல் சாத்தியிருக்கும், தலைக்கு அணையாக ஒரு தலையணை இருக்கும்.

ஒருநாள், அடக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஐயா, ஒரு மனுஷன் தான் எழுதினதைத் தானே மறப்பானா? கண்ணால பார்த்து, வாயால படிச்சு, கையால எழுதினதை?"

பெரியவர் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். அவரைக் கனிவாகப் பார்த்தார்.

"மறதிக்கு எதுக்கு தம்பி பயப்படறே? நான் ஒரு படகுக்கு முன்பக்கம் ஒரு பேரும் பின்பக்கம் இன்னொரு பேரும் எழுதினவன். அது அஞ்சு வருஷம் அப்படியே ஓடிச்சு. ஒண்ணும் முழுகலை. மனசைப் போட்டு உழப்பிக்காதே. தினம் மத்தியானம் இப்படி நாலு ஆட்டம் போட்டாலே புத்தி தெளிஞ்சுடும்."

டிக்கெட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை கெடுதல் செய்தவனுக்கு இத்தனை ஆறுதல் சொல்கிற மனிதர்! அடுத்த ஆட்டத்தை மனமாரத் தோற்றார்.

அதன்பிறகு பலகையில் எழுதுவதை அவர் விட்டுவிட்டார். அவரவர் கார்டை அவரவரே எழுதிக் குத்திக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். மேஜை விற்றுப்போனது. ஐஸ் பாக்டரி அமைதியானது. பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்ற கார்டை மட்டும் மகள் திரும்பப் போடவே இல்லை. கேட்டால், "அப்பா உங்களோட சந்தோஷமா இருக்கார் சார். ராத்திரி நல்லாத் தூங்கறார்" என்பாள். நல்லது செய்தோம் என்ற நினைப்பும் உடம்பு வலியும் ஒன்றாகத்தான் வரும்போலிருக்கிறது என்று டிக்கெட்காரர் இருந்துவிட்டார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் முதல் படகு கிளம்பிப் போனதும், துறையில் டீக்கடை வைத்திருந்த அம்மாள் கிளாஸைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தாள்.

"ஏன் அண்ணே, போர்டு எழுதற பெரியவர் இப்பல்லாம் வர்றதே இல்லையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எந்தப் பெரியவர்?"

"படகுக்கெல்லாம் பேர் எழுதுவாரே, அவர்தான். நீங்க வர்றதுக்கு முன்னாடியே குச்சியை ஊணிக்கிட்டு வந்து, நீங்க குத்தின கார்டை எடுத்துட்டு வேற கார்டு குத்திட்டுப் போவாரே. மூணு தடவை பார்த்தேன். எழுத்து அப்படியே உங்களுது மாதிரியே இருக்கும். நீங்கதான் ஏற்பாடு பண்ணியிருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

டிக்கெட்காரர் கையில் எடுத்த கிளாஸைத் திரும்பக் கீழே வைத்தார்.

"எதுக்கு மாத்தறார்னு... நீ கேட்டியா?"

"கேட்டேனே. 'கண்ட ஆளும் வந்து எங்கூட உக்கார முடியாதும்மா, அந்த டிக்கெட்காரன் மனசாட்சிக்காரன், இன்னும் ஒரே ஒரு கார்டு போட்டா தானா வந்து வேலைக்குச் சேர்ந்துடுவான்'னாரு."