கடிகாரம் கட்ட இடமில்லாத கை

செயின்ட் பால் நகரம்,
பனி இன்னும் விடவில்லை.

என் அருமைத் தம்பி யீ லெங்குக்கு, அண்ணன் சூ நெங் முவா தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி மாய் யியாவும் நலம். ஃபிரெஸ்னோவில் நீயும் பிள்ளைகளும் எலுமிச்சம்புல் தோட்டமும் நலம்தானே? எழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ குழந்தை கிறுக்கியது என்று நினைக்காதே. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் வகுப்பில் நம் எழுத்தும் இங்கிலீஷ் எழுத்தும் இந்த வயதில் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிப்போகிறது. அதனால் இதை உனக்குப் படித்துக் காட்டும் உன் மருமகள் பா ஷியா ஒரு சொல்லைக்கூட விடக்கூடாது.

தம்பி, எழுத்து வந்ததில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே எழுத்தால்தான் ஒரு வில்லங்கமும் வந்து சேர்ந்தது. பெரியப்பா தாய்லாந்திலிருந்து அனுப்பிய வயிற்றுவலி மருந்தில் அபின் இருந்தது என்று நீதிபதி என்னை லாவோசுக்கு அனுப்பச் சொன்னதும், லாவோஸ் என்னை வேண்டாம் என்றதும், சரி, வருடந்தோறும் குடியேற்ற அலுவலகத்துக்கு வந்து தலையைக் காட்டு, வேலை அனுமதி அட்டையைப் புதுப்பித்துக்கொள் என்று வெளியே விட்டதும் உனக்குத் தெரிந்த கதைதான். அந்த உத்தரவுத் தாளை ஒவ்வொரு முறையும் நம் அக்கா மகன் கோங்தான் படித்துச் சொல்வான். "உடம்பப் பாத்துக்கங்க, அடுத்த வருஷமும் வாங்கன்னு போட்டிருக்கு மாமா!" எவ்வளவு மரியாதை தெரிந்த அரசாங்கம் என்று நானும் பெருமையாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். போன மாதம் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். எப்போது வேண்டுமானாலும் பிடித்து வைக்கலாம் என்று இருக்கிறது. உடம்பைப் பற்றி ஒரு சொல் கிடையாது!

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. லோர் வீட்டு பீ போன மாதம் இப்படித்தான் தலையைக் காட்டப் போனான். போனவன் திரும்பவில்லை, அவன் கார் அலுவலக வாசலிலேயே நின்று பனியில் மூடிப்போயிற்று. ஆகவே நான் போவதற்கு முந்தின நாள் உன் அண்ணி நம் குலத்தார் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டாள். கோழியும் முட்டையும் அவித்து, ஆளுக்கு ஒரு வெள்ளை நூலாக என் இரண்டு கையிலும் கட்டினார்கள். மணிக்கட்டில் இடம் போதாமல் முழங்கை வரை ஏறிவிட்டது. மச்சான் செர் வா அவித்த கோழிக்காலைத் தூக்கிப் பார்த்துக் குறி சொன்னார்.

"வெரலெல்லாம் ஒண்ணா மடங்கியிருக்கு மச்சான். தைரியமாப் போய்ட்டு வாங்க."

"கண்ணாடியப் போட்டுட்டுப் பாரு. பீ வீட்லயும் இதத்தான சொன்ன?" என்றாள் உன் அண்ணி.

"அது வேற கோழிக்காலு!"

உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டால் குளிருமே என்று இரண்டு கால்சட்டை போட்டுக்கொண்டு, இங்கிலீஷ் பேச்சு இன்னும் பிடிபடாததால் கோங்கையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசல் காவலாளி தடவிப் பார்த்துவிட்டு ஒன்றின் உள்ளே இன்னொன்றா என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். அதிகாரி ஒரு பெண், நல்ல ஜலதோஷம். நான் எங்கே போகிறேன் என்று காட்டிக்கொடுக்கும் கடிகாரம் ஒன்றை எடுத்து என் கையில் கட்ட வந்தவள், சட்டைக்கையைத் தூக்கிப் பார்த்து நின்றுவிட்டாள். இடதிலும் இடமில்லை, வலதிலும் இடமில்லை.

"இதெல்லாம் என்னன்னு கேக்குறாங்க மாமா."

"உசுரு ஒடம்ப விட்டு ஓடாம இருக்கக் கட்டினதுன்னு சொல்லுடா. மூணு நாளைக்கு அவுக்கக் கூடாது. கத்திரி படவே கூடாது."

அவள் உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை. பயத்தில் சுவரில் இருந்ததையெல்லாம் படித்தேன். தண்ணீர்க் குழாயில் கால் கழுவக் கூடாது என்பது வரைக்கும். திரும்பி வந்தவள் கடிகாரத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"இருக்கட்டும், உங்களுக்கு இது இனிமே தேவப்படாதுங்கறாங்க மாமா."

"அட! வேலை அட்டையப் பத்திக் கேளு."

"அதுக்கும்... இனிமே மனு போட வேண்டாமாம்."

நம் நூலுக்கு இருக்கிற மரியாதையைப் பார்த்தாயா! கோங் முகம் முள்ளங்கி போல வெளுத்திருந்தது. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான். போன வாசலாலேயே திரும்பி வந்தோம். புதிதாக ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். படித்துச் சொல்கிறேன் என்று அவன் இரண்டு முறை கேட்டும் நான் தரவில்லை. இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு, தின்பண்டம்போல நானே மெதுவாகப் படிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

புத்தாண்டுக்குக் குடும்பத்தோடு வா. பன்றி அடிப்போம். உன் வீட்டில் எல்லோருடைய உயிரும் அவரவர் உடம்பிலேயே நிறைவாகத் தங்கட்டும். நெல்லும் பிள்ளைகளும் பெருகட்டும்.

உன் அண்ணன்,
சூ நெங் முவா
(கையெழுத்தும் என்னுடையதே)

பின்குறிப்பு: மகளே பா ஷியா, இதற்குக் கீழே சத்தமாகப் படிக்காதே. தாளைப் படித்துவிட்டேன். ஒரு சொல்லையும் விடவில்லை. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை ஒரே ஒரு பெட்டியோடு வர வேண்டுமாம். லாவோஸ் இப்போது என்னை வேண்டும் என்கிறது. என்ன போட்டிருக்கிறது என்று மாய் யியா அடுப்படியிலிருந்து கேட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்று படித்துக் காட்டினேன். நீயும் உன் மாமனாருக்கு இதை இப்படிப் படி: அண்ணனுக்கு உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, புத்தாண்டு வரை காத்திருக்க வேண்டாம், உடனே வா, வரும்போது நூல் கொண்டு வா. சிரித்துக்கொண்டே படி, மகளே.